சுகருக்கு நான் வெச்ச பேரு மஞ்சக்காமாலை

ஆஸ்பத்திரில பதினோரு நாளு கெடந்தேன். அந்தப் பதினோரு நாள நெனச்சா இப்பவும் எனக்கு ஏக்கமா கீது. இத்த எங்கம்மா கிட்ட சொன்னா வெளக்கமாத்த எடுக்கும். "நாங்க அங்க செத்து செத்துப் பொழச்சோம், தொரைக்கு ஏக்கமா?"ன்னு கேக்கும். ஆனா நெசமாலுமே அப்டிதான். காலைல ஆறு மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் வந்து "டில்லி, வெரலக் குடு"ன்னு கேக்குற மாரி இப்ப என்கிட்ட யார் கேக்குறா? நானே குத்திக்கினு, நானே பாத்துக்கினு, நானே திட்டிக்கினு கீறேன்.

ஞாயித்துக்கெழம சுகர் கூட்டத்துக்குப் புதுசா வர்றவங்க மூஞ்சப் பாத்தா எனக்கு என் மூஞ்சியேதான் தெரியுது. "நீ எழுதுடா, படிச்சாவது சிரிக்கட்டும்"னு சிஸ்டர் சொல்ட்ச்சி. அதான் எழுதறேன். பேரு டில்லிபாபு. ஒம்பதாவது வரைக்கும் ஸ்கூலுக்குப் போனேன். படிச்சேன்னு சொன்னா வாத்தியாரு கேஸு போடுவாரு. அடையாறு ஆத்தங்கரைல இருந்த எங்க வூட்ட எடுத்துட்டு, ஊருக்கு வெளிய மாடில ஒரு வூடு குடுத்து அனுப்பிட்டாங்க. அங்கேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி தி.நகர் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருவேன். பட்டு செக்‌ஷன், சேல்ஸ்மேன்.

மொதல்ல தாகம்தான். குடத்த அப்டியே கவுத்துக்கலாம் போல இருக்கும். குடிச்ச தண்ணி பத்து நிமிசத்துல வெளிய போயிடும். பேண்ட்டு இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்னேன். கடைப் பசங்கல்லாம் லவ்வு பெயிலியருன்னு முடிவு பண்ணி, எந்தப் பொண்ணுன்னு பந்தயமே கட்டிட்டானுங்க. பாத்ரூம்ல எறும்பு மொய்ச்சிக்கினு இருந்துது. "எவன்டா இங்க டீயக் கொட்னது?"ன்னு அம்மா கத்துச்சி. டாக்டருக்கு முன்னாடி எறும்பு கண்டுபுட்ச்சிட்ச்சி, எங்களுக்குத்தான் புரியல.

ஒரு திங்கக்கெழம காலைல எழுந்துக்க முடியல. மூச்சு மேலயும் கீழயும் வாங்குது. எங்க நைனா, அதான் எங்கப்பா, கிட்ட வந்து மோந்து பாத்தாரு. வாயில அழுகுன பழ வாசன. குட்ச்சிட்டு வந்துக்கீறேன்னு நெனச்சி கன்னத்துல ஒண்ணு வுட்டாரு. அந்த அறைலதான் மயங்குனேன்னு ரொம்ப நாளைக்கு சொல்லிக்கினு திரிஞ்சேன். பாவம் மனுசன், அதுக்கப்புறம் ஒரு வாரம் என் மூஞ்சப் பாக்கல.

ஆஸ்பத்திரில ரத்தத்துல சக்கர ஐநூத்தி சொச்சம். ரெண்டு கைலயும் ட்ரிப்ஸு, மணிக்கொரு தபா வெரல்ல குத்து. மூணாவது நாளு கண்ணு தெளிஞ்சப்போ டாக்டரம்மா குந்திக்கினு சொன்னாங்க. அவங்க சொன்னத நான் என் பாஷைல சொல்றேன். கடைக்கு லாரில மூட்ட மூட்டையா சரக்கு வந்து எறங்குது, ஆனா மாடிக்கு ஏத்தற லிப்ட்டு ரிப்பேரு. கீழ மூட்ட குமியுது, அதுதான் ரத்தத்துல சக்கர. மாடில ஒரு சேல கூட இல்ல, அதுதான் ஒடம்பு எளைக்கிறது. வேற வழியில்லாம ஒடம்பு தன் கொழுப்பையே எட்து எரிக்குது. அந்தப் பொகதான் கீட்டோனு. அதான் மூச்சு வாங்கறதும், வாயில பழ வாசன வர்றதும். அந்த லிப்ட்டு பேருதான் இன்சுலின். எனக்கு வந்தது டைப் ஒண்ணு. வயசானவங்களுக்கு வர்ற மாரி லிப்ட்டு மெதுவா ஓடறது இல்ல, மொத்தமா நின்னுடறது. ஊசிலதான் போட்டாவணும். ஸ்வீட்டு துன்னதால வர்றது இல்ல.

"எத்தினி நாளைக்கும்மா ஊசி?"ன்னு அம்மா கேட்ச்சி.

"இருக்கற வரைக்கும்."

அம்மா அப்டியே தரைல குந்திட்ச்சி. நைனா வாசப்பக்கம் போயிட்டாரு.

அந்தப் பழ வாசன இன்னான்னு டாக்டரம்மா வாயால கேட்ட நாள்லேர்ந்து, நைனா வார்டுல டீ குடிக்க மாட்டாரு. மூணு மணிக்கு "பீடி வாங்கினு வரேன்"னு கேட்டுக்குப் போவாரு. திரும்பி வரச்சொல்லோ மீசைல டீ ஆடை ஒட்டிக்கினு இருக்கும். சக்கர போட்ட டீய எம்முன்னாடி குடிக்கக் கூடாதாம். "நைனா, மீசைல பீடி ஒட்டிக்கீது"ன்னுவேன். தொடச்சிக்குவாரு.

பக்கத்து பெட்டுல சீனு மாமா. மயிலாப்பூர்காரு, கல்யாண சமையல்ல பரிமாறிக்கினு இருந்தவரு. கால்ல புண்ணு ஆறாம வந்து சேந்துட்டாரு. ஒரு நாளு அவரு தலகாணி மேல எறும்பு வரிசையா போயினு இருந்துது.

"மாமா, விருந்தாளி வந்துக்கீறாங்க."

"சும்மா இருடா. ஆத்துலேர்ந்து வந்த துணி, அதான்."

"துணிக்கா எறும்பு வருது? ஜாங்கிரியா, லட்டா?"

"பாதி ஜாங்கிரிடா. பாதிய நேத்தே சாப்ட்டுட்டேன். சிஸ்டர்ண்ட சொல்லிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் சொல்லல. எறும்புதான் சொல்லிட்ச்சி. சிஸ்டர் போட்ட சத்தத்துல அந்த வார்டே திருந்திட்ச்சி, ஒரு சாயங்காலத்துக்கு.

மதியம் மூணு மணிக்கு வராண்டா கடைசில வகுப்பு. ஆம்பள வார்டு, பொம்பள வார்டு, கூட வந்தவங்க, எல்லாரும் பெஞ்சுல, தரைலன்னு குந்துவாங்க. ஸ்டெல்லா சிஸ்டர் எவர்சில்வர் தட்டுல சாக்பீஸால கோடு போட்டு, பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ முட்டையோன்னு காட்டும். பிரிட்ஜு இல்லாதவங்க வூட்ல மருந்த எப்டி வெக்கறதுன்னு சொல்லும். மண்பானைல கொஞ்சம் தண்ணி, அதுக்குள்ள மூடி போட்ட டப்பா, டப்பாக்குள்ள மருந்து. ஐஸ்ல மட்டும் வெக்கக்கூடாது, ஒறஞ்சா மருந்து செத்துடும். எங்கம்மாக்கு நம்பர் படிக்க வராது. ஊசில பத்தாவது கோட்டுல செவப்பு நெயில் பாலீஷ் வெச்சி, "இதுவரைக்கும்தானே?"ன்னு கேட்ச்சி. சிஸ்டர் அத்த வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்ட்ச்சி. ஒரு நிமிசம் எங்கம்மா பரிட்சைல பர்ஸ்ட்டு வந்த மாரி நின்னுச்சி.

அந்த வகுப்புக்குத்தான் கௌரி வருவா. நோயாளி இல்ல, ஆனா நோயாளிதான். மந்தைவெளில ஜெராக்ஸ் கடைல வேல. பதினோரு வயசுலேர்ந்து ஊசி போட்டுக்கறா. லீவு நாள்ல புதுசா மாட்டுனவங்க கிட்ட பேசறதுக்குன்னு வருவா. எனக்கு மொதமொதல்ல வயித்துல ஊசி போட பயம், வேர்த்துக் கொட்டுது.

"ஏம்பா, பட்டு செக்‌ஷனு. சேலைல பின்னு குத்தறல்ல?"ன்னா.

"சேலைக்கு உயிர் இல்லியே டீச்சர்."

"ஒனக்கு மட்டும் ஜாஸ்தியா கீதா? வந்தப்போ பாத்தவங்க சொல்றாங்க, பாதிதான் இருந்துதாம்."

சிரிச்சிக்கினே குத்திட்டேன். அப்டித்தான் பழகுனேன்.

டிஸ்சார்ஜ் ஆனப்புறம் அபிராமபுரத்துல ஒரு சின்ன கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழம காலைல அங்கதான் கூட்டம். மண்டபத்துக்காரர் சும்மாவே எடம் குடுக்கறாரு. ஆனா முகூர்த்த நாளா இருந்தா எங்களத் தூக்கி மொட்டமாடில போட்டுடுவாங்க. கீழ பாயாச வாசன, மேல நாங்க பட்டினில கொழுப்பு டெஸ்டு பத்தி பேசிக்கினு இருப்போம். அந்த மொட்டமாடிய நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்துது. எழுதி வெக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். வெளிய எங்கியாவது பாத்துக்கிட்டா, தெரியாத மாரி போயிடணும். பாதி பேரு மறச்சிதான் வராங்க. ஒருத்தருக்கு வேல, ஒருத்தருக்குக் கல்யாணம். கௌரிக்கும் கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துது. "தாலி ஏறட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு அம்மா சொல்லுது"ன்னு ஒரு நாள் சொன்னா. மத்தவங்களுக்கு அவ்ளோ தைரியம் சொல்றவ, அத்த மட்டும் தரையப் பாத்துக்கினு சொன்னா.

நானும் மறச்சவன்தான். எங்க கடை மொதலாளி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம். போன வருசம் வலிப்பு வந்த ஒரு பையன ஊருக்கு அனுப்பிட்டாரு. என்னையும் அனுப்பிடுவாருன்னு பயம். எங்க வூட்ல என் சம்பளந்தான் சோறு. அதனால பதினோரு நாள் லீவுக்கு இன்னா சொன்னேன் தெரியுமா? மஞ்சக்காமாலை.

அண்ணாச்சி நல்ல மனுசன், அங்கதான் வந்துது வென. மஞ்சக்காமாலைக்குக் கரும்புச்சாறு நல்லதுன்னு, தெனம் சாயங்காலம் ரோட்டு முனைலேர்ந்து பெரிய கிளாஸ்ல வாங்கியாந்து வெப்பாரு. "குடில, ஈரல் குளுந்துரும்"னுவாரு. சுகர்காரனுக்குக் கரும்புச்சாறு. நான் "மேல போய் குடிக்கிறேன் அண்ணாச்சி"ன்னு எட்துக்கினு போய், பின்வாசல் வாட்ச்மேனுக்குக் குடுத்துடுவேன். மூணு மாசம் இதே கூத்து.

ஊசிய ஸ்டாக் ரூம்ல, பொட்டி மறைவுல போட்டுக்குவேன். எங்க கடைல சாப்பாடு பந்தி பந்தியாதான். நான் மூணாவது பந்தி, மூணு மணி. ரெண்டரைக்கு ஊசி, மூணுக்கு சோறு, கணக்கு கரெக்ட்டா ஓடிக்கினு இருந்துது. ஊசி போட்டுட்டு சாப்டலன்னா ரத்தத்துல இருக்கற சக்கரயும் கீழ போயிடும். லோ சுகருன்னுவாங்க. கை நடுங்கும், வேர்க்கும், புத்தி கொழம்பும். பாக்கறவங்களுக்கு குட்ச்சிட்டு ஆடற மாரி தெரியும். சக்கர ஏறிப்போனா கெடுக்க நாளாவும், எறங்கிப்போனா நிமிசம் போதும்.

ஆடி முடிஞ்சி ஆவணி மொத ஞாயிறு. கடைல கூட்டம் தேர் மாரி. ரெண்டரைக்கு ஊசி போட்டுட்டு வெளிய வந்தேன், "டில்லி, முகூர்த்தப் பட்டு பார்ட்டி, குந்து"ன்னாரு சூப்ரவைசர். வெள்ள மெத்தைல ஏறி ஒக்காந்து நிமிந்தா, எதிர்ல கௌரி. மாமியாராவப்போற அம்மா, இன்னும் நாலு பொம்பளைங்க.

நான் அவளப் பாத்தேன், அவ என்னப் பாத்தா. தெரியாத மாரி ஆயிட்டோம். "வாங்க மேடம், இன்னா கலர் பாக்கறீங்க?"ன்னேன். "அரக்கு"ன்னா, அவளும் மேடம் மாரியே.

முப்பது சேல விரிச்சிருப்பேன். மூணு மணிக்கு மெஸ்ஸு பெல்லு அட்ச்சிது. சூப்ரவைசரப் பாத்து வயித்தத் தொட்டுக் காட்னேன். அவரு தலய ஆட்டிட்டாரு. எங்க கடைல முகூர்த்தப் பட்ட விரிச்ச கை, பில்லு போடற வரைக்கும் மாறக்கூடாது. கை மாறுனா பொண்ணுக்கு ஆவாதுன்னு அண்ணாச்சி காலத்துப் பழக்கம். இன்னும் அஞ்சே நிமிசம்னு நெனச்சேன். என் குளுக்கோஸு டப்பா கீழ லாக்கர்ல. எழுந்து போய் எடுத்தா ஏன்னு கேப்பாங்க.

மூணே முக்காலுக்கு சேல மடிக்க வரல. கைய மெத்தைல வெச்சி அழுத்திக்கினேன். கழுத்துலேர்ந்து வேர்வ பட்டு மேல சொட்டுது.

"இது எத்தன முழம் தம்பி?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"நல்லால்ல ஆன்ட்டி. எதையும் வாங்காதீங்க. வூட்டுக்குப் போங்க."

எல்லாரும் என்னப் பாத்தாங்க. சூப்ரவைசர் குனிஞ்சி, "குட்ச்சிருக்கியாடா?"ன்னு பல்லக் கட்ச்சாரு. அவரு மூஞ்சி ரெண்டா தெரிஞ்சிது. நான் சிரிச்சேன்னு அப்பால சொன்னாங்க.

கௌரி என்னையே பாத்துக்கினு இருந்தா. அந்தப் பார்வ எனக்கு ஞாபகம் கீது. ஒரு தபா மாமியாரப் பாத்தா, ஒரு தபா என்ன. அப்பால விருட்டுனு மெத்தைல ஏறுனா. விரிச்ச பட்டு மேலயே மிதிச்சிக்கினு வந்து, கைப்பையத் தொறந்து, ஒரு டப்பாவ எட்து என் வாயாண்ட வெச்சா.

"டில்லி, வாயத் தொற. முழுங்கு. இன்னும் கொஞ்சம். முழுங்குடா."

குளுக்கோஸு. நாக்குல பட்டதும் சில்லுனு இருந்துது.

"இவன் பேரு ஒனக்கு எப்டிம்மா தெரியும்?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

எனக்கு புத்தி பாதிதான் வந்துருந்துது, ஆனா பொய்யி முழுசா வந்துட்ச்சி. "சட்டைல எழுதிக்கீது ஆன்ட்டி"ன்னேன். என் சட்டைல பேரு இல்ல, முப்பத்தி நாலுன்னு நம்பருதான். "அந்த டப்பாவும் என்னிதுதான், கீழ வுழுந்துது, அவங்க எட்து…"

"சும்மா இருடா"ன்னா கௌரி. திரும்பிக்கூட பாக்கல, என் தலயப் புட்ச்சிக்கினே சொன்னா. "டப்பா என்னுது அத்தை. எனக்கும் சுகரு. பதினோரு வயசுலேர்ந்து. நானும் தெனம் ஊசிதான்."

நாத்தனார் மாரி ஒரு பொம்பள மட்டும் செருப்ப மாட்டிக்கினு எழுந்து போச்சி.

என்ன அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. ஊசியோட வேகம் அடங்கற வரைக்கும் பாக்கணும்னு ஒரு நாள் வெச்சிக்கிட்டாங்க. நான் கடைல சொன்ன பொய்யி ஸ்டெல்லா சிஸ்டருக்குத் தெரியும். என்னப் பாத்து, "வாடா மஞ்சக்காமாலை"ன்னு கூப்ட்ச்சி. சாயங்காலம் அண்ணாச்சி வந்தாரு. ஸ்டூல்ல ஒக்காந்தாரு.

"ஏலே. மூணு மாசமா தெனம் கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தேன்லா. நானே என் கையால ஒனக்கு வெசம் குடுத்திருக்கேன்லா."

"ஒரு சொட்டு கூட குடிக்கல அண்ணாச்சி."

"பொறவு?"

"வாட்ச்மேன் குடிச்சாரு."

அண்ணாச்சி தரையப் பாத்தாரு. "அதான் அவன் சட்ட பட்டன் தெறிக்கா?"ன்னாரு. சிரிப்ப அடக்கறாரா, அழுவையான்னு தெரியல.

நான் கேட்டுட்டேன். "வேலய வுட்டு அனுப்பிடுவீங்களா? அந்த வலிப்புப் பையன் மாரி?"

"அவன் ஏணில நின்னு சேல எடுக்கவன். விழுந்தாம்னா அவன் ஆத்தாளுக்கு நான் என்னல பதில் சொல்லுவேன்? அவனுக்கு ஊருல நம்ம தம்பி கடைல கல்லாவுல எடம் போட்டுதான் அனுப்புனேன். கேட்டியா நீ?" சிஸ்டர் பக்கம் திரும்புனாரு. "தாயி, இவன் எத்தன மணிக்கு சாப்பிடணும்?"

"பன்னெண்டரை. அஞ்சு நிமிசம் தள்ளக் கூடாது."

"அப்ப மொத பந்தி. மருந்த கேஷ் ரூம் பிரிட்ஜுல வையி. கை மாறக்கூடாதுங்க பேச்சு இன்னையோட சரி." எழுந்தவரு திரும்பி நின்னாரு. "ஆனா எங்கிட்ட பொய் சொன்னேல்லா? ஒரு மாசம் பட்டு கெடையாது. கீழ உள்பாவாட செக்‌ஷன்."

தலகாணிக்குள்ள மூஞ்ச வெச்சிக்கினு ரொம்ப நேரம் அழுதேன். நைனா பீடி வாங்கப் போவாம பக்கத்துலயே குந்தினு இருந்தாரு.

வேல தப்பிச்சிட்ச்சி, ஆனா மனசு ஆறல. என்னால ஒரு கல்யாணம் போச்சேன்னு. அடுத்த ஞாயிறு கௌரி கூட்டத்துக்கு வரல. போன் பண்ணேன், எடுக்கல. அதுக்கு மறு ஞாயிறும் வரல.

ஒரு புதன்கெழம, பன்னெண்டேகால் இருக்கும். உள்பாவாடைய சைஸு வாரியா அடுக்கினு இருந்தேன். "பட்டு செக்‌ஷன் தம்பி இங்கியா கீது?"ன்னு ஒரு குரலு. நிமிந்தா அந்தம்மா. பின்னாடி கௌரி.

"எம்புள்ளைக்கு மொதல்லயே தெரியுமாம்"னு அந்தம்மா, வணக்கம் கூட வெக்காம ஆரம்பிச்சாங்க. "ஒரு வருசமா தெரியுமாம். எங்கிட்ட மட்டும் மறச்சிருக்குதுங்க ரெண்டும். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போவல. ரெண்டு வாரத்துக்கு மேல பேசல. இப்பவும் பேசல."

"சரிங்க ஆன்ட்டி."

"அந்த அரக்கு சேலய எடு. நீ நல்லால்லன்னு சொன்னியே, அது."

"அது சுகரு சொன்னதுங்க. சேல நல்லாத்தான் இருந்துது. ஆனா எனக்கு மொத பந்தி, சாப்டப் போவணும். இருவது நிமிசம் ஆவும்."

நான் கஸ்டமர் கிட்ட அப்டி சொன்னது அதான் மொத தபா. அந்தம்மா கடியாரத்தப் பாத்தாங்க. கௌரியத் திரும்பிப் பாத்தாங்க.

"அப்ப ஒனக்கும் நேரந்தானே? எங்க போட்டுக்குவ?"

"பாத்ரூம்ல, அத்தை."

"அங்க எதுக்கு? ஈரமும் நாத்தமும்." துணி போட்டுப் பாக்கற ரூம்பு தெரைய அந்தம்மாவே தள்ளிப் புட்ச்சாங்க. "உள்ள வா. நான் நிக்கிறேன்."

கௌரி ஸ்டூல்ல ஒக்காந்து ஊசிய எடுத்தா. அந்தம்மா கைப்பைய மார்ல அணச்சிக்கினு, கண்ண எடுக்காம பாத்தாங்க.

"வலிக்குமா?"

எத்தினி பேருக்குச் சொல்லியிருப்பா, ஒண்ணுமே தெரியாது, சும்மா குத்துன்னு. அன்னிக்கு வரைக்கும் அவ மாத்திச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

"வலிக்கும் அத்தை"ன்னா.